மலைத்தீயைப் பற்றி ஊர்கூடி வாசிக்க இருக்கிறோம், எப்படித் தொடங்குவது?

மலையடிவாரத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் பேரையூர் தாலுகாவில், சாப்டூர்ப் பக்கம். வாசலில் நின்று மேற்கே திரும்பினால் மலைதான், அப்படி ஒரு சின்ன ஊர். ஊர்ப்புற நூலகம் ஒன்று இருக்கிறது, ஒரு அறை, நாலு பீரோ, இரண்டு பெஞ்சு. அதில் வாசகர் வட்டம் என்று பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறோம். பாதிக்கு மேல் பெண்கள், நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய்விட்டு வந்து சாயங்காலம் உட்காருகிறவர்கள். இதுவரை கதை, பேப்பர், கையில் கிடைத்தது எல்லாம் வாசித்தோம். இந்தத் தடவை ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு, தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை சனிக்கிழமை தோறும் உட்காரலாம் என்று பேசி முடிவு செய்திருக்கிறோம். காட்டுத்தீ, அதோடு மலையை ஊர் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது.

ஏன் இதை எடுத்தோம் என்று சொல்லிவிடுகிறேன். போன பங்குனியில் எங்கள் மலை நாலு ராத்திரி எரிந்தது. பகலில் புகை மட்டும்தான், இருட்டின பிறகு பார்த்தால் சரிவில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும். மலைக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளைகள் மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்தார்கள். என் மகள் நாலாம் வகுப்பு, அவள் மட்டும் ‘அங்கே இருக்கிற பெரிய அணிலெல்லாம் இப்போ எங்கம்மா போகும்’ என்று கேட்டாள். சாம்பல்நிற அணிலுக்காகத்தானே 1988இல் இந்தக் காட்டைச் சரணாலயம் ஆக்கினார்கள், 2021இல் இருந்து புலிகள் காப்பகம் வேறு. இத்தனை வருஷம் அடிவாரத்தில் குடியிருந்தும் அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இல்லை. அது இன்னும் மனசில் கிடக்கிறது.

அப்புறம் ஐப்பசியில் மழை பிடித்தபோது ஓடை கறுப்பாக வந்தது. கரியும் மண்ணும் கலந்து வந்து கண்மாய்க்குள் மேடு போட்டுவிட்டது. மூன்று நாள் மழைக்குப் பெருகின கண்மாய் தைக்குள் இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சருகு கிடந்தால் மழைத்தண்ணீரைப் பஞ்சு மாதிரி குடித்து மெல்ல விடும், சருகு எரிந்துபோனால் தண்ணீர் ஒரே மூச்சில் மண்ணை அரித்துக்கொண்டு இறங்கிவிடும். மலை எரிந்ததும் கண்மாய் தூர்ந்ததும் ஒரே சங்கதி என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மதுரைக்காரர்கள் குடிக்கிற வைகைத் தண்ணீரும் இதே மலைத்தொடரில் வருசநாடு, மேகமலைப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதால் இது எங்கள் ஒரு ஊர்ப் பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை.

சரி, இப்போது என் குழப்பங்கள். எங்களில் பலருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அதனால் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் எதை வாசிப்பது? தமிழில் கிடைக்கிறது எல்லாம் பாடப்புத்தகம் மாதிரி ‘காடுகளைப் பாதுகாப்போம்’ என்று நிற்கிறது, விவரமாக இருப்பது ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டாவது, ஊரில் யாரைக் கேட்டாலும் ‘ஆட்டுக்காரன்தான் வச்சிருப்பான்’ என்பார்கள். அப்படிச் சொல்கிற கூட்டத்துக்கு ஆடு மாடு மேய்க்கிறவர்கள் ஏன் வருவார்கள்? அவர்கள் வராமல் நாங்கள் பதினைந்து பேர் உட்கார்ந்து வாசித்து என்ன பிரயோஜனம்? தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேற வந்தவர்கள் தீயில் மாட்டி இறந்ததைப் பற்றிப் பேசலாமா என்பதிலும் தயக்கம், பிள்ளைகள் இருப்பார்கள். அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற வனக்காவலர்:

அம்மா, நல்ல காரியம் எடுத்திருக்கிறீர்கள். முப்பத்தோரு வருஷம் மலைக்காட்டிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், தேனிப் பக்கமும் இருந்தேன், மதுரைப் பக்கமும் இருந்தேன். என் யோசனை, முதல் இரண்டு சனிக்கிழமை மரம், மிருகம், சுற்றுச்சூழல் எதையும் எடுக்காதீர்கள். தீயைப் படியுங்கள். தீ எப்படி நடக்கும் என்று தெரியாதவர்கள்தான் பயப்படுகிறார்கள், பயமே இல்லாமல் மேலே ஓடுகிறவர்களும் அவர்கள்தான்.

ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தலைகீழாகப் பிடித்தால் விரலைச் சுடுகிற வேகத்தில் ஏறும், தலையை மேலே வைத்துப் பிடித்தால் மெல்ல இறங்கும். மணல் போட்ட சட்டிக்கு மேல் வைத்துப் பெரியவர்கள் செய்து காட்டுங்கள். மலைச்சரிவும் அந்தக் குச்சிதான். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. கீழே எரிகிற சூடு மேலே நிற்கிற புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடுகிறது, பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கி ஏறும், இரண்டும் சேர்ந்தால் ஆள் ஓடி ஜெயிக்க முடியாது. மாட்டிக்கொண்டால் மேலே ஓடக் கூடாது, பக்கவாட்டில் விலகிப் பாறைக்கோ, புல்லே இல்லாத ஓடைக்கோ, ஏற்கெனவே எரிந்து கருகிக் கிடக்கும் தரைக்கோ போக வேண்டும். கருகின தரையில் மறுபடி எரிய ஒன்றும் இல்லை. இந்த ஒரு பாராவை எல்லாருக்கும் மனப்பாடம் ஆகும்வரை வாசியுங்கள், மற்றது பிறகு.

நம் காட்டில் பெரும்பாலும் எரிவது தரைத் தீ. சருகு, போதைப்புல் என்கிற மலைப்புல், காய்ந்த செடி. மரத்து உச்சி எரிவது அபூர்வம். ஆனால் உண்ணிச்செடி (லாண்டானா) மண்டின இடத்தில் அந்தச் செடியே ஏணி மாதிரி தீயைக் கிளைக்குத் தூக்கிக் கொடுக்கும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் காற்று கீழே இறங்கும், ஈரம் கூடும், தீ அடங்கி ஊரும். அதனால்தான் நாங்கள் நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும் பச்சைக் குழை ஒடித்துக்கொண்டு போய் ஓரத்திலிருந்து அடித்து அணைத்தோம். தண்ணீர் வண்டி ஏறாத மலையில் வேறு ஆயுதம் கிடையாது. கோடைக்கு முன்பே புல்லையும் சருகையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுவது அதற்கும் முந்தின வேலை, தை மாசம் அதற்குத்தான். உங்கள் ஊர் ஆட்கள் அந்த வேலைக்குப் போயிருந்தால் அவர்களையே பேசச் சொல்லுங்கள்.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீயைக் கண்டுபிடித்துச் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது, பொதுமக்களும் பதிவு செய்து வாங்கலாம். ஆனால் அது பார்க்கிற ஒரு கட்டம் 375 மீட்டர், நாளைக்குச் சில தடவைதான் நம் தலைக்கு மேல் கடக்கும். சின்னத் தீயை முதலில் பார்க்கிறது அடிவாரத்து ஆள்தான். அந்த ஆள் போன் போட்டு ‘மலையில் தீ’ என்று மட்டும் சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. எந்த ஓடைக்கும் எந்த மொட்டை உச்சிக்கும் நடுவில் என்று சொல்ல வேண்டும். என் காலத்தில் இந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்த கிழவர்கள் இருந்தார்கள், இப்போது பையன்களுக்கு மலை முழுக்க மலைதான். ஆகவே நீங்கள் வாசிக்கிறதோடு நிற்காமல் உங்கள் மலையின் பெயர்களை எழுதுங்கள். எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்த ஊற்று எந்த மாசம் வரை ஊறும், எல்லாம். கடையில் விற்காத புத்தகம் அது, உங்கள் ஊரால் மட்டும்தான் எழுத முடியும்.

சட்டத்தையும் ஒரு நாள் வாசியுங்கள். சரணாலயத்துக்குள் தீ வைப்பதும் தீயை அணைக்காமல் விட்டுப்போவதும் 1972ஆம் வருஷ வன உயிரினச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் குற்றம். மிரட்டுவதற்காக அல்ல, தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.


மலைமாட்டுக்காரர் மகன்:

அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அது என் வீட்டுக் கேள்வி. எழுமலைப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா காலத்தில் எங்களுக்கு மலைமாடு நூற்றுக்கு மேல் இருந்தது, அப்பா காலத்தில் நாற்பது, இப்போது தொழுவம் காலி. 2022 மார்ச்சில் வந்த நீதிமன்ற உத்தரவு முதலில் தமிழ்நாட்டுக் காடு முழுவதும் மேய்ச்சல் கூடாது என்றது, பிறகு அதே மாசத்தில் திருத்திப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா அளவில் நிறுத்தினார்கள். உங்கள் சாப்டூர்க் காடு அதற்குள் வருகிறது. அதனால் உங்கள் ஊர் மேய்ச்சல்காரர்கள் ஏற்கெனவே ‘நம்மைக் காட்டுக்குள் விடமாட்டார்கள்’ என்ற நெஞ்சு வலியோடு இருப்பார்கள். அந்த மனிதர்களைக் கூப்பிட்டு, தீ வைப்பது தப்பு என்று வாசித்துக் காட்டினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள், என் அப்பா அப்படித்தான் ஒரு கூட்டத்திலிருந்து எழுந்து போனார்.

உண்மையையும் மறைக்கக் கூடாது. காய்ந்த புல்லைக் கொளுத்தினால் முதல் மழைக்கு இளம்புல் துளிர்க்கும் என்று சில பேர் கொளுத்தியது உண்டு, எங்கள் ஆட்களிலும் உண்டு. ஆனால் தாத்தா சொல்வது வேறு. ஈரம் இன்னும் காயாத மார்கழி, தையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எரிப்பார்களாம், பங்குனியில் எவனாவது தீப்பெட்டியோடு மலையேறினால் கிடையைவிட்டே விலக்கிவிடுவார்களாம். இதை நான் நம்பாமல்தான் இருந்தேன். இப்போது நான் லாரி ஓட்டுகிற சாம்ராஜ்நகர் பக்கம் பிளிகிரிரங்கன் மலையில் சோளிகர் என்று பழங்குடிகள் இருக்கிறார்கள், அவர்களும் அதையே சொல்கிறார்கள். கன்னடத்தில் ‘தரகு பெங்கி’ என்பார்கள், நம் பேச்சில் சருகுத் தீ. ஜனவரி, பிப்ரவரியில் சின்னதாக எரித்துவிடுவார்களாம். காடு சரணாலயம் ஆன பிறகு அதை நிறுத்தினதால் உண்ணிச்செடி மண்டிவிட்டது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறிவிட்டது என்று அவர்கள் சொன்னதை ஆராய்ச்சிக்காரர்களும் போய் எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. 1935இல் அங்கே வனத்துறை, எந்தத் தீயாக இருந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்தே தீர வேண்டும் என்று விதி போட்டது. அப்படி அணைத்து அணைத்துச் சருகும் கட்டையும் வருஷக் கணக்கில் சேர்ந்துபோய், பிறகு எரிந்தால் அடங்காத தீயாகிவிட்டது. கலிபோர்னியாவின் வடக்கே யுரோக், கருக் என்ற பழங்குடிகள் முன்னே முறையாக எரித்து வந்தவர்கள். நூறு வருஷம் அதைக் குற்றம் என்று தடுத்து வைத்திருந்துவிட்டு, இப்போது அவர்களையே கூப்பிட்டுக் கற்றுக்கொள்கிறார்கள்.

எனவே அக்கா, மேய்ச்சல்காரர்களைக் கேட்க வரச் சொல்லாதீர்கள், சொல்ல வரச் சொல்லுங்கள். முதல் நாளே பெஞ்சில் அவர்களை உட்கார வையுங்கள். மலைமேல் இருக்கும் பளியர் பழங்குடிப் பெரியவர்கள் வந்தால் இன்னும் நல்லது, தேனெடுக்கிறவர்களுக்குப் புகையைப் பற்றித் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.


ஓய்வுபெற்ற வனக்காவலர்:

தம்பி சொன்னதில் பாதிக்கு மேல் எனக்குச் சம்மதம், மேய்ச்சல்காரர்களை முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் வேலையில் இருந்தபோது நாலு தடவை தீயை முதலில் வந்து சொன்னது மாட்டுக்காரர்கள்தான். ஆனால் ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் தாத்தா எரித்த மலை வேறு, இன்றைக்கு நிற்கிற மலை வேறு. அன்றைக்கு உண்ணிச்செடி இவ்வளவு இல்லை, மேய்ச்சலில் புல்லும் மட்டமாக இருந்தது. இன்றைக்கு அதே மார்கழியில் அதே அளவு தீ வைத்தாலும் அது அதே தீயாக இருக்காது. அதனால் இந்தச் செய்தியை வாசிக்கிற அன்றைக்கு ‘சின்னத் தீ நல்லது’ என்று ஒரு பையன் மனசில் பதிந்து அவன் தோட்டத்து வேலியோரக் குப்பையைக் கொளுத்தினால் போச்சு. அடிவாரத்தில் நான் பார்த்த தீயில் பல அப்படித் தோட்டத்து ஓரத்தில் தொடங்கி மலையேறினவை. தாராளமாக வாசியுங்கள், வாதாடுங்கள், ஆனால் யாரும் எதையும் கொளுத்தக் கூடாது என்பதை ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள்.


மேலூர் டீச்சர்:

சகோதரிக்கு வணக்கம். எப்படி வாசிப்பது என்பதற்கு மட்டும் நான் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு ஊரே சேர்ந்து ஒன்றை வாசிப்பது என்பது இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. 1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து நூலகர்கள் ‘ஊர் முழுக்க ஒரே புத்தகத்தை வாசித்தால் என்ன’ என்று தொடங்கி வைத்தார்கள், அதிலிருந்து பல ஊர்களுக்குப் பரவியது. ஆனால் நமக்கு அது புதுசு இல்லை. கோயில் திண்ணையில் ஒருவர் பாரதம் வாசிக்க ஊரே கேட்ட பழக்கம் நம்முடையது, அறிவொளி இயக்கத்தில் தெருவிளக்குக்குக் கீழே உட்கார்ந்து எங்கள் அம்மா எழுத்துக் கூட்டி வாசித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பாரதம் என்றதும் சொல்கிறேன், காண்டவ வனம் எரிந்த கதையை ஒரு வாரம் எடுங்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அது தெரிந்த கதை, எழுத்துத் தெரியாதவர்கள்கூட அன்றைக்கு உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அக்கினியின் பசிக்காக அர்ச்சுனனும் கண்ணனும் இரண்டு பக்கமும் நின்று ஒரு உயிரும் தப்பாமல் பார்த்துக்கொள்ள, பாம்பரசன் தட்சகன் மகன் அசுவசேனன், அசுரச் சிற்பி மயன், நாலு குருவிக் குஞ்சுகள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய உயிர்கள்தான் தப்பின. வாசித்து முடித்தபின் ‘காட்டுக்குள் இருந்தவர்கள் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார்கள்’ என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். நான் எட்டாம் வகுப்பில் கேட்டிருக்கிறேன், பிள்ளைகள் ஒரு பீரியடு முழுக்க அந்தக் குஞ்சுகளைப் பற்றியே பேசினார்கள். மதுரையில் தீ என்றால் உடனே கண்ணகியைத்தான் சொல்வார்கள், யாராவது அதை எடுக்கச் சொல்வார்கள், ஆனால் அது அநியாயத்துக்கு எதிராக எரிந்த ஊரின் கதை, உங்கள் மலைக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம்.

மற்ற வாரங்களுக்குப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். நீங்களே வாரம் ஒரு பக்கம் எழுதுங்கள். பெரிய எழுத்தில் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, வாசிக்கப் பத்து நிமிஷம், பேச ஐம்பது நிமிஷம். மேலே வனக்காவலர் ஐயா எழுதினதையே எடுத்து இரண்டு வாரத்துப் பக்கமாக ஆக்கிவிடலாம், அவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்ல மதுரையில் நத்தம் ரோட்டுக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரோடு உட்கார்ந்தால் போதும். வாசிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பேத்தி வாசிக்கிறாள் என்றால் பாட்டி வராமல் இருக்கமாட்டார்.

எங்கள் பக்கத்து அரிட்டாபட்டியை ஒரு வாரம் வாசிக்கலாம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத்தலமாக அறிவித்தார்கள். ஏழு மலையும் சுனையும் கண்மாயும் ஒன்றையொன்று நம்பித்தான் இருக்கின்றன என்று அந்த ஊர்க்காரர்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. பிறகு டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றபோது சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் திரண்டு நின்றதும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் எல்லாருக்கும் தெரியும். ஊர் சேர்ந்தால் மலையைக் காக்க முடியும் என்பதற்கு நம் மாவட்டத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது, தூரத்து உதாரணம் வேண்டாம். கோயில்காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கமாட்டோம் என்ற கட்டுப்பாடு உங்கள் பக்கத்து ஊர்களிலும் இருக்கும், அதைக் கடைப்பிடிக்கிற பெரியவரை ஒரு நாள் பேசச் சொல்லுங்கள்.


நர்ஸ்:

நான் நீளமாக எழுதப்போவதில்லை, குரங்கணியைப் பற்றி மட்டும். 2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது மதுரையில் ஒரு மருத்துவமனையில் தீக்காய வார்டில் இருந்தேன். ராத்திரியிலிருந்து ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள், எல்லாம் இருபது முப்பது வயசுப் பிள்ளைகள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்கள். இறந்தவர்கள் இருபதுக்கு மேல். அந்த வார்டின் வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை, வெகுநாள் நான் வீட்டில் அடுப்பைப் பற்றவைக்க என் மகனைத்தான் கூப்பிடுவேன்.

பேசுங்கள். பேசாமல் விட்டால் பிள்ளைகள் செல்போனில் படத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் படம் எதையும் காட்டாதீர்கள், இறந்தவர்கள் பெயரை வாசிக்காதீர்கள், அவர்கள் ஏன் போனார்கள் என்று யாரையும் பேச விடாதீர்கள். காய்ந்த புல் சரிவில் கீழேயிருந்து தீ ஏறியது, வழி தெரியாமல் சிதறினார்கள், இவ்வளவு போதும். அரசு வருவதற்கு முன்னால் குரங்கணி ஊர்க்காரர்களும் மலைவாசிகளும் டோலி கட்டிக்கொண்டு இருட்டில் மேலே ஏறினார்கள், அதை நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை கொண்டுவந்தார்கள், அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ஏறக் கூடாது என்பதையும் சொல்லுங்கள். ஆறு ஏழு வயசுப் பிள்ளைகளை அன்றைக்கு மட்டும் வேறு இடத்தில் விளையாட விடுங்கள். கடைசியாக, தீக்காயத்துக்குப் பேஸ்ட், மாவு, இங்க் எதையும் தடவாமல் சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்ற வேண்டும் என்று ஒரு வரி எழுதி நூலகச் சுவரில் ஒட்டுங்கள் அம்மா.


மலையடிவாரத்துக்காரி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஐயா, உங்கள் பதிலை அப்படியே பெரிய எழுத்தில் எடுத்து ஒட்டிவிட்டோம். நர்ஸ் அக்கா, நீங்கள் சொன்ன வரி வாசல்கதவில் இருக்கிறது.

முதல் சனிக்கிழமை முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன். பதினைந்து பேர் வருவோம் என்று நினைத்தோம், முப்பதுக்கு மேல் வந்தார்கள், இடம் போதாமல் வெளியே வேப்பமரத்தடிக்கு மாறினோம். தீக்குச்சியை நூலகர் செய்து காட்டினார். அதைப் பார்த்துவிட்டு ஒரு அக்கா ‘நான் போன வருஷம் கொல்லையில் கொளுத்தினது இப்படித்தான் வேலி தாண்டிச்சு’ என்று தானாகவே சொன்னார், யாரும் கேட்கவில்லை, யாரும் குறை சொல்லவும் இல்லை.

மேய்ச்சல்காரர்களை நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன், தம்பி சொன்னபடி ‘எங்களுக்குத் தெரியாததை நீங்கள் சொல்ல வேண்டும்’ என்று. ஐந்து வீட்டுக்குப் போனேன், மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒரு தாத்தா எழுபது வயசுக்கு மேல் இருக்கும், முக்கால் மணிநேரம் வாயே திறக்கவில்லை, கம்பைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். மலைப் பெயர்களை எழுதப்போகிறோம் என்று சொல்லி என் மகள் நோட்டை விரித்தாள். அவளுக்குத் தெரிந்த மூன்று பெயரை எழுதினாள். அவர் எட்டிப் பார்த்து ‘அது அங்கே இல்ல தாயி, அதுக்குத் தெற்கே’ என்றார். அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. இருட்டுகிறவரை சொன்னார், 37 பெயர் எழுதியிருக்கிறாள். வெள்ளாடு விழுந்த பாறை, இரட்டை ஊற்று, கரடி உட்கார்ந்த மொட்டை, பங்குனியிலும் வற்றாத பள்ளம் ஒன்று. எங்களில் ஒருத்தருக்கும் தெரியாத பெயர்கள். போன வருஷம் தீ எந்த ஓடையில் ஏறி எந்தப் பாறையில் நின்றது என்பதைக் கையை நீட்டிக் காட்டினார்.

என் மகள் அணில் கேள்வியை அவரிடமே கேட்டாள். கிளைக்குக் கிளை தொட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் அது தரைக்கே இறங்காமல் மேலேயே தாவிப் போய்விடும், நடுவில் மரம் போய் வெட்டவெளியாகிவிட்ட இடத்தில் அது இறங்கித்தான் ஆக வேண்டும், அங்கேதான் மாட்டும் என்றார். கூட்டில் குஞ்சு இருந்தால் தாய் கூட்டைவிட்டுப் போகவே போகாது என்றும் சொன்னார். அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வரும் வாரம் வனத்துறையிலிருந்து ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், தீத்தடுப்புக் கோடு எங்கே போடுகிறார்கள் என்று அந்த நோட்டை வைத்துத்தான் பேசப்போகிறோம். டீச்சர், காண்டவ வனத்தை நாலாவது வாரம் வைத்திருக்கிறோம், முடிந்தால் நீங்கள் வர வேண்டும், மதுரையிலிருந்து பேரையூர் வந்து இறங்கினால் நாங்கள் வண்டியோடு நிற்போம். தாத்தா வடக்குப் பக்கச் சரிவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது பளியர் ஆட்கள் நடக்கிற தடம், அவர்களைக் கேட்காமல் நான் பெயர் சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டார். அவரே போய்க் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார்.